வேலைக்காரி இல்லாத பேதுரு

பிப்ரவரி 18, புதன்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டினால் அழுவாள். போதகர் ஐயாவிடம் காட்டினால், "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறுமிக்காக" என்று ஆரம்பித்து, என் பெயரையும் வகுப்பையும் சொல்லி ஜெபிப்பார். எங்கள் பள்ளிக்கூடத் தாளாளரிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். ஏன் என்று இன்றைக்கு எழுத மாட்டேன்.

என் பெயர் பெர்சிஸ். ஒன்பதாம் வகுப்பு. ஊர் ஞானக்குடியிருப்பு. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு இது ஒன்றுதான்.

இன்று சாம்பல் புதன். லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பம். காலையில் வாசல் தெளித்தேன். தோசைக்கு ஊறப்போட்டேன். அப்பாவின் செருப்பைக் கழுவி வைத்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, நீல நிற வயரைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். வயரின் நுனி தரையில் உரசி கிரிச் கிரிச் என்று சத்தம் வரும். போஸ்ட் நிரந்தரமானதும் புதுச்செருப்பு வாங்குவாராம். ஒன்பது வருஷமாக எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தற்காலிக ஆசிரியர். செருப்பு முழுக்க வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்துத் தூசியாக இருக்கும்.

அம்மா கதவைத் தட்டி, "ஏட்டி, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாளைக்கு ஓமத்தண்ணீர் உண்டு.

பிப்ரவரி 20, வெள்ளி

ஓமத்தண்ணீர் குடித்தேன். இரண்டு தம்ளர்.

கோயிலில் பெரிய பாட்டுக்கு இன்று முதல் ஒத்திகை. ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய பாட்டு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதினாராம். இரண்டரை மணி நேரம் ஓடும். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு மாலையில் பாட வேண்டும். நடத்துகிறவர் டாக்டர் ரெஜினா. பல் டாக்டர். ஊரில் எல்லாருடைய வாய்க்குள்ளும் கை விட்டவர் என்பதால் பாட்டுக்காரர்கள் அவருக்கு முன்னால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். இன்று பெண்களின் உச்சக்குரல் வரிசையான சோப்ரானோ முதல் சுரம் பாடியதுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஜெயராணிக்கா, சுரம் சரி. அந்தக் கடவாய்ப் பல்லை ஈஸ்டருக்கு முந்தி எடுத்துரணும். இங்கிருந்தே தெரியுது."

இந்தப் பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஊருக்கே தெரியும். இதில் இரண்டு பாடகர் குழு. ஒன்று கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். எங்கள் சபைச் சேகரத்திலும் இரண்டு அணி. பழைய அணிக்குத் தலைவர், ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் செல்லத்தாய் டீச்சர். புது அணிக்குத் தலைவர் பேக்கரி எபனேசர். புது அணி ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு கமிட்டித் தேர்தல். ஜெயிக்கிற அணிதான் சபைப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரைப் போடும். ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள், ஒரே நேரத்தில் இராப்போஜன அப்பம் எடுக்க மாட்டார்கள். இந்தப் பாட்டில் மட்டும்தான் தனித்தனியாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தலாம். வலது பக்கம் பழைய அணி. இடது பக்கம் புது அணி. "அவனைப் பிடியுங்கள்" என்கிற இடம் முதல் தடவையிலேயே பிசிறில்லாமல் வந்துவிட்டது.

ஆர்கெஸ்ட்ராவுக்கு டேனி அண்ணன் கீபோர்டு. கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கிறவர். லெந்தில் கல்யாணம் கிடையாது, அதனால்தான் கிடைத்தார். டிரம்பெட் மாசிலாமணி, சவ ஊர்வல பேண்டுக்காரர். சாவுக்கு லெந்து கிடையாது, அதனால் அவர் வருவது நிச்சயமில்லை. வந்தாலும் எந்தப் பாட்டையும் கல்லறைக்கு நடக்கிற வேகத்தில்தான் வாசிக்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் ஏட்டையா, போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். இயேசுவை யாரென்றே தெரியாது என்று பேதுரு மறுதலித்ததும் சேவல் கூவ வேண்டுமே, அந்தச் சேவல் அவர்தான்.

எனக்கு ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, சனி

ஆள் பங்கீடு இப்படி. இயேசுவாகப் பாட இரண்டு அணியும் சண்டை போட்டன. கடைசியில் எந்த அணியிலும் இல்லாத போஸ்ட்மேன் குணசீலனுக்குக் கொடுத்தார்கள். யூதாஸாகப் பாட ஒருவரும் வரவில்லை. தேர்தல் நேரத்தில் யார் வருவார்? மதுரையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவருக்கு இங்கே ஓட்டு இல்லை.

பேதுரு எங்கள் தாளாளர் பாக்கியநாதன். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "பேதுருன்னா சபைக்கே பாறைல்லா" என்றாராம். பழைய அணியின் செயலாளர் வேட்பாளர் அவர்தான். பள்ளிக்கூடத்து ஓட்டெல்லாம் அவர் கையில். செல்லத்தாய் டீச்சர் அவரைத் தன் வலது கை என்று சொல்வார்.

நான் வேலைக்காரி. இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன வீட்டு முற்றத்தில் குளிர்காய்கிற பேதுருவைப் பார்த்து, "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று கேட்க வேண்டும். அவர் "அறியேன், அறியேன், அவரை நான் அறியேன்" என்று மறுக்க வேண்டும். மூன்று தடவை. மூன்று கேள்விக்கும் மூன்று பேர் வேண்டுமாம். ஆள் பற்றாததால் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார் டாக்டர்.

"விரலை நீட்டிக் கேக்கணும் பெர்சிஸ். வேலைக்காரிக்கு அங்க யாரையும் பயமில்லை. அவளுக்கு இழக்க என்ன இருக்கு?"

எனக்கு இருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒத்திகை. "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று பாடினேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. அதற்கே தாளாளர் தாளத்தைத் தவறவிட்டார். இரண்டாம் தடவை தாளில் இடத்தைத் தவறவிட்டார். மூன்றாம் தடவை தாளையே தவறவிட்டார்.

டாக்டர் சொன்னார்: "சார், ஒண்ணும் கஷ்டமில்ல. பிள்ளை கேக்கும். நீங்க இல்லைங்கணும். எத்தனை மீட்டிங்ல சொல்லியிருப்பீங்க."

இடது பக்கம் சிரித்தது. வலது பக்கமும் கொஞ்சம் சிரித்தது. கட்டைக்குரல்காரர்களின் பேஸ் வரிசையில் அப்பா மட்டும் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் தாளாளர் என் பக்கத்தில் வந்தார். கையில் ரஸ்க்.

"என்ன பாப்பா, அன்னைக்கு வாங்குன ரஸ்க் மொறுமொறுன்னு இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"நல்ல பிள்ளை. ரஸ்க் வாங்கப் போனா ரஸ்க்கைப் பாத்துட்டு வரணும். அப்பாவோட போஸ்ட் ஆர்டர் என் மேசையிலதான் கெடக்கு, பாத்துக்க. கையெழுத்துதான் பாக்கி."

நான் ரஸ்க்கைத்தான் பார்த்தேன். வேறு ஒன்றும் பார்க்கவில்லை. தாளாளரும் அங்கே ரஸ்க் வாங்கத்தான் வந்திருப்பார்.

மார்ச் 1, ஞாயிறு

பொய். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா என்னை எபனேசர் பேக்கரிக்கு அனுப்பினாள். பின்வாசலில் உடைந்த ரஸ்க்கைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். போனேன். பின்வாசலில் ஆள் இல்லை. அடுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதா மூட்டைகளுக்கு நடுவில் தாளாளர் நின்றிருந்தார். மூட்டையின்மேல் ஒரு பெரிய பைபிள். அதன்மேல் தாளாளர் கை. அவர் கைமேல் எபனேசர் கை.

எங்கள் ஊர்த் தேர்தலில் இது வழக்கம். வாயால் சொன்னதை யாரும் நம்ப மாட்டார்கள். வேதத்தில் கை வைத்தால்தான் ஓட்டு உறுதி.

"பள்ளிக்கூடத்து ஓட்டு அத்தனையும் அண்ணாச்சிக்குத்தான்," என்றார் தாளாளர். "ஜெயிச்சா தாளாளர் நாற்காலி எனக்கே இருக்கணும். டீச்சரம்மா இந்தத் தடவை மாத்திருவாவ போலிருக்கு."

"ஆமென்," என்றார் எபனேசர்.

"இவருக்கும் ஒரு வழி பண்ணிரணும் அண்ணாச்சி. ஸ்டாஃப் ரூம்ல ஓட்டு கேக்கது இவர்தான்."

"பண்ணிருவோம். இவரும் கை வைக்கட்டும்."

இவர் யார் என்று எனக்குத் தெரியாது. மூட்டை மறைத்தது. மூன்றாவதாக ஒரு கை வந்து பைபிளில் பட்டது, மணிக்கட்டு மட்டும் தெரிந்தது. வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. ஒன்று தாளாளரின் கறுப்பு ஷூ. ஒன்று எபனேசரின் ரப்பர் செருப்பு. மூன்றாவதை நான் பார்க்கவில்லை. இருட்டாக இருந்தது. எல்லாவற்றின்மேலும் மாவு கொட்டிக்கிடந்தது.

அப்போதுதான் தாளாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஓடிவந்துவிட்டேன். அம்மாவிடம் ரஸ்க் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அதனால் மொறுமொறுப்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

மார்ச் 2, திங்கள்

எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 7, சனி

அம்மா என்னை வயிற்றுக்காக டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ரெஜினா பல் டாக்டர்தான், ஆனால் வீட்டுக்குப் பக்கம். நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்ல. இவ எதையோ முழுங்கி வச்சிருக்கா" என்றார்.

"காசையா டாக்டர்?" என்று அம்மா பதறினாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பல் பிடுங்கும் குறடைப் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

ஏட்டையா தினமும் சாயங்காலம் சேவல் பழகுகிறார். பக்கத்து வீட்டுக் கோழிகள் குழம்பிப்போய் வெளியே வருகின்றன.

அப்பா அம்மாவிடம், "ஏப்ரலுக்குள்ள ஆர்டர் வந்துரும்" என்றார். அம்மா, "இதைத்தான ஒம்பது வருஷமாச் சொல்லுதிய" என்றாள். "இந்தத் தடவை உறுதி" என்றார் அப்பா. எப்படி உறுதி என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

என்னை வெட்டிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பாட்டுக் கமிட்டி கூடியது. இரண்டு அணியிலிருந்தும் சம எண்ணிக்கை. பழைய அணிக்காரர்களில் அப்பாவும் ஒருவர். செல்லத்தாய் டீச்சர் கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே நின்றேன்.

தாளாளர் எழுந்தார். "நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போயி வேலைக்காரியா நிக்க வைக்கது சரியில்ல. அதுவும் ஒரு வாத்தியார் மக. நாளைப்பின்ன கல்யாணம் காட்சின்னு வந்தா, ஊரு என்ன சொல்லும்? வேலைக்காரி பாட்டை எடுத்துரலாம்னு தாழ்மையோட முன்மொழியுதேன்."

"வழிமொழியுதேன்," என்றார் பேக்கரி எபனேசர்.

முப்பது வருஷத்தில் ஒரு அணி முன்மொழிந்ததை மற்ற அணி வழிமொழிந்ததே கிடையாது. போன வருஷம் கோயில் மணிக்குப் புதுக்கயிறு போடுவதைக் கூட எதிர்த்தார்கள்.

டாக்டர் ரெஜினா கேட்டார்: "அப்போ பேதுரு யாருக்குப் பதில் சொல்லுதாரு?"

"கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா. யாரு கேட்டான்னு பாடித்தான் காட்டணுமா? மறுதலிச்சது முக்கியம். கேட்டது முக்கியமில்ல."

"கேள்வி இல்லாம பதிலா சார்?"

"சபையில நடக்கதெல்லாம் அப்படித்தான டாக்டர்," என்றார் டேனி அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்பாவின் கையும். மணிக்கட்டு மட்டும் என் கண்ணில் பட்டது. நான் டீத் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டேன்.

போதகர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருமனப்பாடு! லெந்துக் காலத்து அற்புதம்!" என்று, அங்கேயே எல்லாரையும் எழுந்து நிற்க வைத்து ஸ்தோத்திர ஜெபம் செய்தார். என் கேள்வியை வெட்டியதற்காக.

டாக்டர் ரெஜினா தாள்களை அடுக்கினார். "சரி. உங்க தீர்மானம் உங்களோட. ஆனா இசையை நான் வெட்ட மாட்டேன். கேள்வி வர்ற இடத்துல கீபோர்டு மட்டும் வாசிக்கும். பொறவு நீங்க பாடுங்க சார்." சிரித்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பார்.

வீட்டுக்கு வரும்போது அப்பா சொன்னார்: "வருத்தமா மக்கா? வேலைக்காரி பாட்டுதான. போனாப் போகுது."

"வருத்தமில்லப்பா," என்றேன். உண்மைதான். சந்தோஷமாக இருந்தது. இனி நான் யாரையும் பார்த்து எதையும் கேட்க வேண்டாம். ஆனாலும் நடந்துவரும்போது அந்தச் செருப்புச் சத்தம் காதில் ரொம்ப விழுந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஒத்திகையில் நான் தாள் திருப்பும் வேலைக்கு மாற்றப்பட்டேன். டேனி அண்ணன் பக்கத்தில் ஸ்டூல்.

மாசிலாமணி வரவில்லை. மேலத்தெருவில் ஒரு சாவு.

மார்ச் 28, சனி

நாளைக்குக் கச்சேரி. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். செல்லத்தாய் டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்துவிட்டார். வெட்டினது அவருக்கு இன்னும் தெரியாது. மதுரையிலிருந்து யூதாஸ் வந்து இறங்கிவிட்டார். தங்கமான மனுஷர். எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்திருக்கிறார். இரண்டு அணிக்காரர்களும் அவர் பக்கத்தில் உட்காரத்தான் போட்டி போடுகிறார்கள். அவர் ஒருவர்தான் வேஷத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

கோயில் நிறைந்துவிட்டது. ஜன்னலிலும் ஆட்கள். முதல் பாதி நன்றாகவே போயிற்று. யூதாஸ் பாடியபோது பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்தார்கள். இயேசுவைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு குழுவும் தொண்டை கிழியப் பாடி, சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. சிலர் தங்கள் அணிக்குக் கைதட்டினார்கள்.

பிறகு முற்றம். பேதுரு குளிர்காய்கிறார். தாளாளர் வெள்ளை அங்கியில் எழுந்து நின்றார். என் கேள்வி வர வேண்டிய இடம் வந்தது. டேனி அண்ணன் கீபோர்டில் ராகத்தை மட்டும் வாசித்தார், மெல்ல, ஒவ்வொரு சுரமாக. பிறகு நிறுத்தினார். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிதான் ஓடியது.

அந்த அமைதியில் தாளாளர் பாடினார்: "அறியேன்! அறியேன்! அவரை நான் அறியேன்!"

வாசல்பக்கம் இருந்து ஒரு குரல்: "என்னத்த அறியலயாம்?"

"தெரியல. அவராச் சொல்லுதாரு."

இரண்டாம் தடவை டேனி அண்ணன் வாசித்தார். நிறுத்தினார். தாளாளருக்கு வியர்த்துவிட்டது. இந்தத் தடவை இன்னும் சத்தமாக, "அறியேன்!" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயராணி அக்கா, பல் எடுத்த வாயோடு, தெளிவாகக் கேட்டார்:

"உங்கள யாரு சார் கேட்டா?"

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. பாடகர் குழு தாளால் வாயை மூடிக்கொண்டது. டாக்டர் ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. குச்சியை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தார்.

மூன்றாவது மறுப்பில் பேதுரு சத்தியம் செய்ய வேண்டும். ஒத்திகையில் தாளாளர் நெஞ்சில்தான் கை வைத்தார். இன்று பதற்றத்தில் என்ன தோன்றியதோ, பக்கத்திலிருந்த பிரசங்க பீடத்துப் பைபிள்மேல் வலது கையை வைத்துவிட்டார். பழக்கம். வைத்துக்கொண்டு, செல்லத்தாய் டீச்சரையே பார்த்து, "சத்தியமாய் அறியேன்!" என்று கத்தினார். அது பாட்டாகவே இல்லை. இடது பக்கம் பேஸ் வரிசையில் பேக்கரி எபனேசரின் கையிலிருந்த தாளெல்லாம் கீழே விழுந்தது. பொறுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஏட்டையா கிளாரினெட்டில் சேவலாகக் கூவினார். அவ்வளவு அருமையாக அவர் ஒத்திகையில் கூவியதே இல்லை. மாசிலாமணி அதைத் தொடர்ந்து டிரம்பெட்டை எடுத்தார், அவருடைய வழக்கமான வேகத்தில். தாளாளர் அந்தத் தாளத்துக்கே நடந்துபோய் உட்கார்ந்தார்.

நான் தாள் திருப்ப மறந்துவிட்டேன். வலது பக்கம் பேஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சிரிக்கவில்லை.

முடிந்ததும் கோயில் வளாகத்தில் டீ. செல்லத்தாய் டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டரு, பேதுருகிட்ட கேக்க ஒரு பொம்பளப்பிள்ளை வருமே, எங்க?"

"கமிட்டி வெட்டிருச்சு டீச்சர். ஏகமனதா."

"ஏகமனதாவா? எபனேசருமா?"

"அவருதான் வழிமொழிஞ்சாரு."

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார். முப்பத்தைந்து வருஷம் பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்தவர். "ஓகோ," என்றார். "அந்தப் பிள்ளை யாரு மக?"

ராஜமணி சார் மகள் என்றார்கள். டீச்சர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். கழுவின தம்ளர்களையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 30, திங்கள்

ஊர் முழுக்க ஒரே பேச்சு. பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் ஒருவரை ஒருவர் பார்த்தால் "அறியேன்!" என்கிறார்கள். "யாரு கேட்டா?" என்று பதில் வருகிறது. தாளாளர் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காய்ச்சலாம். பேக்கரியின் பின்வாசல் பூட்டியிருக்கிறது. ஏட்டையாவை மட்டும் எல்லாரும் பாராட்டி ஒரு தடவை கூவிக் காட்டச் சொல்கிறார்கள். அவரும் சலிக்காமல் கூவுகிறார்.

காலையில் அப்பா பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "பேக்கரிப் பக்கம் நான் போயே எவ்வளவோ நாளாச்சு."

அம்மா அடுப்பில் இருந்தாள், காதில் விழுந்ததோ இல்லையோ. நான் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "ஸ்டாஃப் ரூம்ல என்னென்னமோ பேசுதானுவ. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு செருப்பைப் பார்த்தாள்.

ராத்திரி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செல்லத்தாய் டீச்சர் வீட்டு வேலையாள் வந்து, நாளைக் காலையில் டீச்சர் பெர்சிஸைப் பார்க்க வருகிறார், பிள்ளையை வீட்டில் இருக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சாப்பிட்டோம். ரசம் ஊற்றும்போது அப்பா சொன்னார்:

"சத்தியமாச் சொல்லுதேன், அந்த அடுப்பறைக்குள்ள நான் காலே வைக்கல."

அம்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது.

"எந்த அடுப்பறை?" என்றாள். "உங்கள யாரு கேட்டா?"

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் யாருக்கோ ஏட்டையா கூவிக் காட்டினார். நீளமாக, அழகாக.

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார். கை கழுவத்தான். கை கழுவ ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது முகமும் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும்.

அம்மா என்னிடம் ஓமத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தும்போது என் தலையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

இப்போது வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு டீச்சர் கேட்பார். "நீ என்ன பாத்த?" என்று நேராகக் கேட்பார். பார்த்ததைச் சொன்னால் அப்பாவுக்குப் போஸ்ட் கிடையாது, புதுச்செருப்பு கிடையாது, இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது. பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று நேற்றுதான் எல்லாருமாகப் பார்த்தோம். நான் வேலைக்காரியாகத்தான் ஒத்திகை பார்த்தேன். பேதுருவாகப் பார்த்ததே இல்லை.

அந்த மூன்றாவது ஜோடியை நான் பார்த்தேன். இதை மட்டும் எழுதிவிடுகிறேன். மாவு கொட்டியிருந்தாலும் நீல நிறம் தெரியும்.

கூடத்தில் சத்தம். கிரிச். நின்றுவிட்டது. கிரிச். யாரோ செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் உள்ளே செருப்புப் போடுவதில்லை. எங்கேயாவது கிளம்பி, வாசல்வரை போய், திரும்பி வந்தால்தான் உண்டு.

இங்கேதான் வருகிறது. நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர் கேட்பதற்கு முன்னால் நானாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

கதவு தட்டுகிறது. மெல்ல.

"மக்கா. உள்ளதான இருக்க? டீச்சர் வீட்டுக்கு இப்பமே ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமான்னு பாக்கேன். அதுக்கு முந்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."